தண்டர்பேர்டு மெயில் ப்ரோகிராம்: சர்ச்ல புது மெயில் வரல, ஒரே மெயில் ரெண்டு தடவை இறங்குது (அவசரம்)

குமிழி:
தண்டர்பேர்டு படு ஸ்லோ. ஃபோல்டரைத் தொட்டா சுத்திக்கிட்டே இருக்கு. சர்ச்ல பழைய மெயில்தான் வருது, இந்த மாசத்து மெயில் ஒண்ணுகூட இல்ல. இதுல ஒரே மெயில் ரெண்டு தடவை வேற இறங்குது. ரீஇன்ஸ்டால் பண்ணியும் அப்படியேதான். நாளைக்குள்ள சரியாகணும், யாராவது சொல்லுங்க.

வெண்தாள்:
பாப்3யா (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி வைக்கிறது), ஐமேப்பா (மெயிலை சர்வர்லயே வச்சுப் பார்க்கிறது)? விண்டோஸா, லினக்ஸா? இன்பாக்ஸ் எத்தனை ஜிபி?

திருகாணி:
ஆன்டிவைரஸ்தான், சந்தேகமே வேண்டாம். இன்பாக்ஸ் முழுக்க எம்பாக்ஸ்னு ஒரே ஃபைல். ஒரு மெயில் வந்தாலும் மொத்த ஃபைலையும் ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சிடும். ப்ரொஃபைல் ஃபோல்டரை (உங்க மெயிலும் செட்டிங்ஸும் இருக்கிற இடம்) ஆன்டிவைரஸ் தொடாம எக்ஸ்க்ளூஷன்ல போடுங்க.

பழையகணக்கு:
ரீஇன்ஸ்டால் பண்ணினா சரியாகும்னு யார் சொன்னது? ப்ரோகிராம் வேற, ப்ரொஃபைல் வேற. இங்க எத்தனையோ தடவை எழுதியாச்சு, தேடிப் படிக்கத்தான் ஆளில்ல. டெலிட் பண்ணின மெயிலுக்கு அடையாளம் மட்டும்தான் விழும், ஃபைலை விட்டுப் போகாது. காம்பாக்ட் பண்ணுங்க (அழிச்ச மெயிலை ஃபைல்ல இருந்தே நீக்குறது), வேகம் தானா வரும்.

வெண்தாள்:
சார், காம்பாக்ட் இப்ப வேண்டாம். அது ஃபோல்டரைப் புதுசா ஒரு தற்காலிக ஃபைல்ல எழுதிட்டுத்தான் பழசை எடுக்கும். டிஸ்க்ல அந்த அளவு இடம் வேணும். பாதியில நின்னா என்எஸ்டிஎம்பின்னு ஒரு குப்பை ஃபைல் மிஞ்சலாம்.

குமிழி:
பாப்3. விண்டோஸ் 11. இன்பாக்ஸ் 11 ஜிபி. ஆன்டிவைரஸ்ல விலக்கிட்டேன், கொஞ்சம் வேகம். மத்தது அப்படியே.

திருகாணி:
சொன்னேன்ல.

வெண்தாள்:
ரெண்டு தடவை இறங்குறதுக்கு ஆன்டிவைரஸ் காரணம் இல்ல. எந்த மெயிலை ஏற்கெனவே எடுத்தாச்சுன்னு பாப்ஸ்டேட் (popstate.dat) ஃபைல்லதான் குறிச்சு வைக்கும். அது பழைய நிலைக்குப் போனா இப்படி ஆகும். ஹெல்ப் > டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போய், ப்ரொஃபைல் ஃபோல்டர் எந்தப் பாதையில இருக்குன்னு சொல்லுங்க.

குமிழி:
கிளவுட் சிங்க் ஃபோல்டர்ல. ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஒரே மெயில் வேணுமே. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வெண்தாள்:
அதுதான் வினையே. ஒரு மெயில் வந்தா 11 ஜிபி ஃபைலே மாறினதா சிங்க் நினைக்கும். அடுத்த கம்ப்யூட்டர்ல இருக்கிற பழைய பாப்ஸ்டேட் இதுமேல வந்து உட்கார்ந்தா, சர்வர்ல விட்டு வச்ச மெயில் மறுபடி இறங்கும். சர்ச் இன்டெக்ஸ் (தேடுறதுக்கான பட்டியல்) ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஃபைல். எழுதிட்டிருக்கும்போதே அதைக் காப்பி எடுத்தா உடைஞ்சு போகலாம்.

ரெண்டு கம்ப்யூட்டர்லயும் தண்டர்பேர்டை மூடுங்க. ப்ரொஃபைல் ஃபைல் எல்லாம் முழுசா டிஸ்க்ல இறங்கியிருக்கான்னு பார்த்துட்டு (வெறும் கிளவுட் ஐகானா இருந்தா காப்பி ஆகாம போகலாம்) சிங்க்கை நிறுத்துங்க. சிங்க்குக்கு வெளியே ஒரு ஃபோல்டருக்கு எல்லாத்தையும் காப்பி பண்ணுங்க, நகர்த்தாதீங்க. காப்பியில இருக்கிற குளோபல்-மெசேஜஸ்-டிபி ஃபைலை (அதுதான் சர்ச் இன்டெக்ஸ்) மட்டும் அழிங்க.

அப்புறம் அபவுட்:ப்ரொஃபைல்ஸ் போய் புது ப்ரொஃபைல் உண்டாக்கி, சூஸ் ஃபோல்டர்ல அந்தக் காப்பியைக் காட்டுங்க. முதல் வேலையா அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல லோக்கல் டைரக்டரி பழைய பாதையையே காட்டுதான்னு பாருங்க, காட்டினா மாத்துங்க. இன்டெக்ஸ் தானே திரும்ப உருவாகும், எவ்வளவு ஆச்சுன்னு ஆக்டிவிட்டி மேனேஜர்ல தெரியும். டூப்ளிகேட்டை அழிச்ச பிறகுதான் காம்பாக்ட்.

பழையகணக்கு:
ரெண்டு கம்ப்யூட்டர்னா ஐமேப். இன்னும் பாப்3 பிடிச்சுத் தொங்குறவங்களை என்ன சொல்றது.

திருகாணி:
ஐமேப்ல ஒரு இடத்துல அழிச்சா எல்லா இடத்துலயும் போச்சு. அது பேக்கப் இல்ல சார். சர்வர்ல இடம் கம்மியா இருக்கிறவன் என்ன பண்ணுவான்?

பழையகணக்கு:
லோக்கல் ஃபோல்டர்ஸ்க்கு வருஷா வருஷம் நகர்த்துவான். பாப்3யும் பேக்கப் இல்ல; டிஸ்க் போனா எல்லாம் போச்சு.

திருகாணி:
சர்வர்ல காப்பி விடுற ஆப்ஷன் எதுக்கு இருக்கு?

பழையகணக்கு:
அதை விட்டதாலதான் இவருக்கு ரெண்டு ரெண்டா இறங்குது.

குமிழி:
மாத்திட்டேன். சர்ச் வருது. நன்றி.

வெண்தாள்:
அடுத்த கம்ப்யூட்டர் இன்னும் அந்த சிங்க் ஃபோல்டரைத்தான் திறக்குதா? அங்க தனியா ஒரு ப்ரொஃபைல் வைங்க. ரெண்டுலயும் பாப்3தான்னா, சர்வர்ல 14 நாள் விடுற மாதிரி செட் பண்ணுங்க. ஒண்ணு எடுத்து அழிக்கிறதுக்குள்ள இன்னொண்ணும் எடுத்துக்கும்.

திருகாணி:
ப்ரொஃபைல் பாதை மாறிடுச்சு. ஆன்டிவைரஸ் எக்ஸ்க்ளூஷன்லயும் புதுப் பாதையைப் போடுங்க.