டவுனில் பழைய வீடா, பாளைக்கு வெளியே மனையா?

பொதிகைத்தென்றல்:
வயதான அப்பா, அம்மாவோடு திருநெல்வேலியிலேயே நிரந்தரமாகத் தங்கப் போகிறேன். கையிலிருக்கும் பணத்துக்கு இரண்டு வழிதான். டவுன் ரத வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு, இல்லையென்றால் பாளையங்கோட்டைக்கு வெளியே நான்கு வழிச்சாலைப் பக்கம், வயலாக இருந்த இடத்தில் புதிதாகப் போட்டிருக்கும் மனை. தரகர் அவசரப்படுத்துகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சமாதானபுரத்தான்:
மனையை வாங்குங்கள் தம்பி. டவுனில் காரை எங்கே நிறுத்துவீர்கள்? பழைய வீடு என்றால் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கும். மாடியில் ஓர் அறை எடுக்கவும் அவரைக் கேட்டு நிற்க வேண்டும். பாளையில் காற்றோட்டம் இருக்கிறது, ஹைகிரவுண்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரியவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

கீழரதவீதி:
அண்ணாச்சி, நீங்கள் சொல்வது பாளைக்குள்ளே இருக்கும் உங்கள் சமாதானபுரத்தை. தம்பி வாங்கப்போவது அங்கே இல்லையே! நான்கு வழிச்சாலை ஓரத்திலிருந்து நள்ளிரவில் ஹைகிரவுண்டுக்கு ஆட்டோ கிடைக்குமா? டவுனில் அம்மா தனியாக நடந்துபோய் நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு, வரும்போதே காய்கறியும் வாங்கி வந்துவிடுவார்கள். ஆனித் தேரோட்டத்தன்று வண்டி எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

சமாதானபுரத்தான்:
தேரோட்டத்தன்று மட்டுமா? மாலையில் டவுன் ஆர்ச் வளைவைத் தாண்டிப் பாருங்கள்.

கன்னடியன்கால்:
வண்டியும் கோயிலும் பேசுகிறீர்கள், தண்ணீரை யாருமே பேசவில்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் ஜங்ஷன் பஸ் நிலையமும் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகமும் வெள்ளத்தில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். ஆற்றங்கரை மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கம் தாமிரபரணித் தண்ணீர் கால்வாய் வழியாகக் குளத்துக்கு வந்து, குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. அந்த மறுகால் போகும் வழியில் வீட்டுமனைக் கல் நட்டால் தண்ணீர் வேறு பக்கம் போய்விடுமா?

முப்பது வருட வில்லங்கச் சான்று யார் யாருக்கு விற்றார் என்று சொல்லும். தண்ணீர் எங்கே போகும் என்று சொல்லாது. சர்வே எண்ணை வைத்து, நிலத்தின் எல்லையைக் காட்டும் புலப்படமும், எது பட்டா, எது புறம்போக்கு என்று சொல்லும் 'அ' பதிவேடும் எடுங்கள், அரசின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. வாய்க்கால் புறம்போக்கு ஒட்டியிருந்தால் தெரிந்துவிடும். பிறகு மனையை விட்டுவிட்டு அக்கம்பக்கத்து வீடுகளைப் பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் செம்மண் கோடு ஓடுகிறதா, வாசல் நிலையின் அடிமரம் ஊறி உப்பியிருக்கிறதா, மின்சார மீட்டரைக் கைக்கு எட்டாத உயரத்தில் மாற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மாற்றியிருந்தால் காரணத்தை அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள்.

சமாதானபுரத்தான்:
இதற்குப் பயந்தால் யாரும் வீடு கட்ட முடியாது. நாலடி மண் அடித்து உயர்த்திக் கட்டினால் போதும்.

கன்னடியன்கால்:
வீடு உயரும் அண்ணாச்சி, தெரு உயராது. இடுப்பளவு தண்ணீரில் அப்பாவை எப்படி மருத்துவமனைக்குத் தூக்கிப் போவார்? நீங்கள் தள்ளிவிடும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள்தானே போகும்?

கீழரதவீதி:
ஆகவே டவுன்தான்.

கன்னடியன்கால்:
அதையும் நான் சொல்லவில்லை. நயினார்குளத்துப் பக்கமென்றால் டவுனிலும் இதே சோதனைதான். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அந்தந்தத் தெருவிலேயே வாடகைக்கு இருந்து பாருங்கள்.

பொதிகைத்தென்றல்:
தரகரிடம் சர்வே எண் கேட்டேன். முன்பணம் கொடுத்தால்தான் தருவாராம்.

சமாதானபுரத்தான்:
அப்படியானால் அந்த மனை வேண்டவே வேண்டாம். ஆனாலும் டவுனுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். பாளை மகாராஜநகரில் பழைய வீடாகத் தேடுங்கள், உழவர் சந்தைக்கு அம்மா நடந்தே போய்வரலாம். தெரிந்தவர்களிடம் நானும் விசாரிக்கிறேன்.