மனைவி பெயரில் புது இணைப்பு: எதை முதலில் செய்வது?

பிராட்பேண்ட் ஒப்பந்தம் முடியப்போகிறது, அதன்பின் கட்டணம் கூடும். என் பெயரிலுள்ள கணக்கை மூடிவிட்டு, அதே நிறுவனத்தில் மனைவி பெயரில் புது வாடிக்கையாளர் சலுகையை எடுக்கலாமா? இருக்கும் கணக்கிலேயே பெயரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் பழைய திட்டமே தொடரும், அதனால் அது வேண்டாம்.

விதிமுறையில் ‘புது வாடிக்கையாளர்’ என்பது ஆளைக் குறிக்கிறதா, முகவரியையா என்பதுதான் முக்கியம். முகவரி என்றால் இடையில் சில மாதம் இணைப்பே இருக்கக்கூடாது என்றும் போட்டிருப்பார்கள்.

என் சிக்கல் வரிசைதான். வீட்டுக்கு ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டியில் ஒரே போர்ட் (கம்பி செருகும் இடம்), அதனால் இரண்டு இணைப்பு ஒரே நேரத்தில் இருக்க முடியுமா தெரியவில்லை. பழையது ஓடும்போதே புது ஆர்டர் போட்டால், அதே முகவரி என்று நிராகரிக்கிறார்களா? முதலில் மூடினால் இணையம் எத்தனை நாள் நிற்கும்? லேண்ட்லைன் எண்ணையும் இழக்கக்கூடாது. மூடும் முன்பே அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.