நகைக்கடை வெப்சைட்டுக்கு வயர்ஃபிரேம்: ஃபிக்மாவா, பால்சமிக்கா, பென்பாட்டா?

காலிவீதிக்காரன்: கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றுக்கு மூன்று மொழியிலும் வெப்சைட் கேட்கிறார்கள். முதலாளி வயதானவர், முடிவு அவர் கையில். கோட் எழுத முன் பக்க அமைப்பை வெறும் கோடும் பெட்டியுமாக வரைந்து, அதாவது வயர்ஃபிரேமாக, காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். சின்னக் குழு, மாதாமாதம் டொலரில் கட்ட வசதியில்லை. எந்த டூல் நல்லது?

மீரா_யூஎக்ஸ்: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஃபிக்மா. பிரவுசரிலேயே ஓடும். ஸ்கெட்ச் என்கிற டிசைன் டூல் என்றால் வரைவதற்கு மெக் கணினி வாங்க வேண்டும். ஃபிக்மா லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதலாளி தன் போனிலேயே தட்டிப் பார்ப்பார்.

பழைய கோடர்: வினையே அங்கேதான் தொடங்கும். அவ்வளவு வடிவாகக் காட்டினால் மனுசன் நிறத்தைப் பற்றித்தான் கதைப்பார். எடை, செய்கூலி, அன்றைய தங்க விலை எல்லாம் எந்த இடத்தில் வரும் என்று கேட்க வைப்பதுதான் கஷ்டம். 2008இல் வந்த பால்சமிக், கையால் கிறுக்கியது போல வேண்டுமென்றே கோடு போடுவது இதற்காகத்தான். பார்ப்பவருக்கு இது இன்னும் முடியாத வேலை என்று உடனே விளங்கும், மாற்றச் சொல்லவும் கூச்சப்பட மாட்டார்.

மீரா_யூஎக்ஸ்: ஃபிக்மாவில் வெறும் சாம்பல் பெட்டி போட யார் தடுத்தது அண்ணா? பால்சமிக்கின் அந்தக் கையெழுத்து எழுத்துருவில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வரியில் நிற்கிற பட்டன் தமிழில் இரண்டு வரிக்கு இறங்கும். தமிழ் எழுத்தின் விசிறியும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளியையும் கூட்ட வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி உண்மையான எழுத்துருவைப் போட்டுப் பார்க்காமல் என்ன சம்மதம் வாங்கப் போகிறீர்கள்? லோரம் இப்சம் என்ற அர்த்தமில்லாத வரிகளை நிரப்பிய பக்கம் எல்லாம் அழகுதான்!

பழைய கோடர்: அது அடுத்த கட்டம் தங்கச்சி. எந்தப் பக்கம் வேண்டும், எது வேண்டாம் என்றே முடிவாகாத நேரத்தில் வரி இடைவெளி எதற்கு?

மீரா_யூஎக்ஸ்: மூன்று மொழித் தளத்தில் அதுதான் முதல் கட்டம்.

கொட்டாஞ்சேனையான்: கேட்டவர் டொலரைப் பற்றியும் சொன்னார், இரண்டு பேரும் அதைத் தொடவே இல்லை. 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது மறந்துவிட்டதா? ஃபிக்மாவின் இலவசக் கணக்கில் குழுவாகப் பகிரும் கோப்புகளுக்கு வரம்பு இருக்கிறது, கோட் எழுதுபவர் அளவுகளை எடுத்துப் பார்க்கும் டெவ் மோடுக்கும் காசு. பென்பாட் ஓப்பன் சோர்ஸ், அதன் மூலக் கோட் எல்லாருக்கும் திறந்தது. அவர்களுடைய தளத்திலேயே இலவசமாக வரையலாம், வேண்டுமென்றால் டொக்கர் என்ற மென்பொருள் மூலம் சொந்த சேர்வரிலும் ஏற்றலாம். அப்புறம், இன்விஷன் என்ற டிசைன் டூல் 2024 முடிவில் கடையைச் சாத்திவிட்டது. தன் டிசைன் டூலான எக்ஸ்டியைத் தனியாக விற்பதை 2023இல் அடோபி நிறுத்தியது. அதே அடோபி ஃபிக்மாவை 2,000 கோடி டொலருக்கு வாங்கப் பார்த்து, ஐரோப்பிய, பிரித்தானிய ஒழுங்குமுறை அமைப்புகள் இடம் கொடுக்காததால் 2023 டிசம்பரில் கைவிட்டது. நாளைக்கு யார் கையில் என்ன இருக்குமோ.

மீரா_யூஎக்ஸ்: சேர்வரைப் பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் ரூபாயில் கொடுப்பீர்களாக்கும், அதுவும் செலவுதானே. வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஃபிக்மா தெரிந்தவர்தான் கிடைப்பார், அதையும் கணக்கில் சேருங்கள்.

காலிவீதிக்காரன்: சரி, முதல் சந்திப்புக்கு ஏ4 தாளிலேயே வரைந்துகொண்டு போகிறேன். விலைப் பக்கத்தை மட்டும் பென்பாட்டில் மூன்று மொழியிலும் போட்டுப் பார்க்கிறோம்.

பழைய கோடர்: தாளில் பென்சிலால் வரையுங்கள். அழிறப்பரை முதலாளியிடமே கொடுத்துவிடுங்கள்.

மீரா_யூஎக்ஸ்: பட்டனுக்குள் தமிழையே எழுதுங்கள், வெறும் கோடு இழுக்காமல்.