கிராப் ஆப்பிளுக்குச் 'சிற்றாப்பிள்'

அன்புள்ள அகராதிக் குழுவினருக்கு வணக்கம்.

தோட்டத்தில் அழகுக்கு வளர்க்கும், சிறு காய் காய்க்கும் ஆப்பிள் வகையான கிராப் ஆப்பிளுக்கு (crab apple) இதுவரை தமிழ்ப் பெயராக 'நண்டு ஆப்பிள்', 'காட்டு ஆப்பிள்', 'புளி ஆப்பிள்' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. 'சிற்றாப்பிள்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

நண்டை முதலிலேயே விட்டுவிடலாம். ஆங்கிலப் பெயரில் உள்ள 'கிராப்' நண்டிலிருந்துதான் வந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மரத்திலும் நண்டை நினைவூட்ட ஒன்றும் கிடையாது.

'காட்டு ஆப்பிள்' ஐரோப்பியக் காடுகளில் தானாக முளைக்கும் மாலஸ் சில்வெஸ்ட்ரிஸ் என்ற இனத்துக்குப் பொருந்தும். ஆனால் தோட்டங்களில் நிற்பவற்றில் பெரும்பாலானவை மனிதர் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டிப் பெருக்கிய வகைகள். சிவந்த தளிரும் அடர் இளஞ்சிவப்புப் பூவும் கொண்ட 'பிரெய்ரிஃபயர்' வகை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதைப் போய் காட்டு மரம் என்பதா? இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் கடையில் வாங்கும் ஆப்பிளின் மூதாதையான மாலஸ் சீவெர்சியை கசகஸ்தானின் தியான்ஷான் மலைச்சரிவுகளில் இன்றும் காடாக வளர்கிறது. 'காட்டு ஆப்பிள்' என்ற பெயருக்கு அதுவும் உரிமை கேட்கும்.

'புளி ஆப்பிள்' ஓரளவு சரி. பெரும்பாலான காய்கள் புளிக்கும், துவர்க்கும். உறைய வைக்கும் பொருளான பெக்டின் மிகுதி என்பதால் ஜெல்லிக்கு நன்றாக உறையும். ஆனால் மினசோட்டாவில் உருவான 'செஸ்ட்நட்' வகை இனிக்கும், அப்படியே கடித்துத் தின்கிறார்கள். சுவையை வைத்துப் பெயரிட்டால் அது வெளியே போய்விடும்.

தோட்டக்கலையாளர்கள் பிரிப்பது காயின் அளவை வைத்துத்தான். 2 அங்குலம், அதாவது சுமார் 5 செ.மீ. விட்டத்துக்குள் இருந்தால் கிராப், தாண்டினால் ஆப்பிள். பேரினம் இரண்டுக்கும் மாலஸ்தான். தமிழில் செடிப் பெயருக்கு முன்னால் 'சிறு' சேர்ப்பது பழைய வழக்கம்: சிறுநெருஞ்சில், சிறுகுறிஞ்சான், சிறுகீரை. சிறு + ஊர் சிற்றூர் ஆவது போலவே இது சிற்றாப்பிள்.

குட்டை மரம் என்று புரிந்துகொள்ள மாட்டார்களா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் வேர்ச்செடியில் ஒட்டிய மரத்துக்குக் 'குட்டை ஆப்பிள்' என்று தனிச்சொல் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். சிற்றாப்பிள் மரங்களின் உயரமோ பலவிதம்: தோட்ட வகைகள் பெரும்பாலும் 15 முதல் 25 அடி, சார்ஜென்ட் வகை புதர் போல அகலமாகப் படரும், சைபீரிய வகை 40 அடி வரை போகும்.

பதிவில் வளர்ப்புக் குறிப்பும் சேர்க்க வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில், நீர் தேங்காத மண், லேசான அமிலத்தன்மை; இவை போதும். குளிர்கால உறக்கம் கட்டாயம், அதனால் நம் சமவெளிக்கு இது ஆகாது. இமாசலத்தின் ஆப்பிள் தோட்டங்களில் மகரந்தம் தருவதற்காகவே சில வகைகளை இடையிடையே நடுகிறார்கள். கவாத்து செய்வது குளிர்காலக் கடைசியில், அடியில் கிளம்பும் வேர்த்தளிர்களையும் அப்போதே நீக்கிவிடலாம்.

பெரிய தொல்லை சொறிநோய் (scab). வசந்தத்தில் மழை மிகுந்தால் இலை புள்ளி விழுந்து, கோடை முடிவதற்குள் மரம் மொட்டையாகிவிடும். மருந்தடிப்பதைவிட நோய் தாங்கும் வகையை வாங்கி நடுவதே மேல். இந்த நோய்க்கு எதிரான மரபணு ஒன்றை உணவு ஆப்பிளுக்குக் கொடுத்ததே ஜப்பானிய மாலஸ் ஃப்ளோரிபண்டாதான். பூவுக்காக மட்டும் இந்த மரத்தைப் பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். அகராதிப் பதிவில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்க வேண்டும்.

இனங்களுக்கு 'ஜப்பானியச் சிற்றாப்பிள்', 'சைபீரியச் சிற்றாப்பிள்' என்றும், அழகு வகைகளுக்குப் பொதுவாகப் 'பூஞ்சிற்றாப்பிள்' என்றும் எழுதலாம். இலை உதிர்ந்த பிறகும் காய் பனிக்காலம் முழுக்கக் கிளையில் நிற்கும் வகைகள் உண்டு, பறவைகளுக்கு அதுதான் தீனி. அந்தப் பண்புக்கு 'காய் தங்கும் வகை' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடக் கச்சிதமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.