ஏற்காடு ஏத்தத்துல யமஹா ஆர்எக்ஸ் பைக் ஆஃப் ஆகுது, யாராச்சும் சொல்லுங்க (அவசரம்)

மொட்டப்பாறை
எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஏத்தத்துல ஆஃப் ஆகுது. கொஞ்ச நேரம் ஓரமா நிறுத்துனா திரும்ப ஸ்டார்ட் ஆகுது. பிளக் புதுசு. கார்பரேட்டர் கழட்டி கிளீன் பண்ணியாச்சு. மெக்கானிக் பெட்ரோல் சரியில்லங்கறார். ஞாயித்துக்கிழமை பசங்களோட ட்ரையல்ஸ் (பாறைமேல பைக் ஓட்டற போட்டி) பிராக்டிஸ் இருக்கு, அதுக்குள்ள சரி பண்ணியாகணும். என்னவா இருக்கும்?

அஞ்சுரோடு
ஆர்எக்ஸ்னா எது தம்பி? 100ஆ, 135ஆ? எந்த எடத்துல நிக்குது? நிக்கும்போது திணறித் திணறி நிக்குதா, இல்ல பட்டுனு அணையுதா? ஓரமா நிறுத்துறதுன்னா எவ்வளவு நேரம்? இது எதுவும் தெரியாம ஜோசியம்தான் சொல்ல முடியும்.

ரீட் வால்வு
கிராங்க் சீல், அதான் இன்ஜின் கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு ஓரத்துலயும் இருக்கற ரப்பர் வளையம். கண்ண மூடிட்டு மாத்துங்க. பழைய டூ ஸ்ட்ரோக்ல பாதி வியாதிக்கு அதுதான் காரணம். மேக்னெட் பக்கம் சீல் போச்சுன்னா வெளிக்காத்த இழுக்கும், கலவை லீன் ஆகும் (காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி), சூடேறி நின்னுடும். கிளட்ச் பக்கம் போச்சுன்னா கியர் ஆயில இழுத்து வெள்ளப்புகை விடும். புகை வருதா?

மொட்டப்பாறை
100 தாங்ண்ணா, 95 மாடல். அடிவாரத்துலேர்ந்து ஏறுனா ஏழு, எட்டு கொண்டை ஊசி தாண்டி நிக்கும். சில நாள் ஒண்ணும் ஆகாம மேல வரைக்கும் போயிடும். பிராக்டிஸ்ல பாறை ஏத்தத்துல ஒடனே நிக்குது. புகை நார்மல்.

ஸ்பேனர் சித்தப்பா
புதுசா வர்றவங்க பழைய பதிவ ஒரு தடவ தேடிப் பாக்கறதே இல்ல. இதை எத்தனை முறை எழுதுறது? சேலம் கடல் மட்டத்துலேர்ந்து 300 மீட்டர் கூட கிடையாது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேல போகப் போக காத்து மெலிசாகும், பெட்ரோல் அளவு மட்டும் அப்படியே இருக்கும், கலவை ரிச் ஆகும், பிளக் நனையும். மெயின் ஜெட், அதான் கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளை, ஒரு சைஸ் குறைக்கணும், ஊசி கிளிப்ப ஒரு காடி மேல ஏத்தணும். இந்த அடிப்படை தெரியாதவங்க மலை ஏத்தாம இருக்கறது நல்லது.

அடிவாரத்தான்
சித்தப்பா, இருக்கறதே 20 கொண்டை ஊசி. ஏழாவதுல நிக்கிற வண்டிக்கு 1500 மீட்டர் கணக்கு எதுக்கு? ரிச்னா மப்படிக்கும், இழுவை போகும், கருப்பா புகைக்கும். அப்புறம் மேல போகப் போக மோசமாகணும். தம்பி சில நாள் மேல வரைக்கும் போகுதுங்கறார். எங்க தெருவுல மூணு ஆர்எக்ஸ் இருக்கு, எவனும் ஜெட்ட தொட்டதில்ல, வாரா வாரம் மேல போயிட்டு வர்றானுங்க.

ஸ்பேனர் சித்தப்பா
ஓடுதுங்கறது வேற, சரியா ஓடுதுங்கறது வேற. பிளக் நிறத்தப் படிக்கத் தெரிஞ்சவன்கிட்ட பேசலாம்.

காபிக்கொட்டை
மெக்கானிக் சொன்னதுல விஷயம் இருக்கு. இப்ப வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணிய உறிஞ்சும், பழைய ரப்பர ஊற வைக்கும். 95 மாடல்னா ரப்பர் குழாய், வாஷர் எல்லாம் அந்தக் காலத்து சரக்கு. குழாய் உள்ள உப்பி அடைச்சிருக்கலாம்.

ரீட் வால்வு
எத்தனால்னா சமத்தரையிலயும் நிக்கணுமே. ஏத்தத்துல மட்டும் எத்தனால் வேலை செய்யுமா?

காபிக்கொட்டை
சீல் மட்டும் ஏத்தத்துல ஒழுகுமா?

காயில் கருப்பூர்
ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. தம்பி, மொதல்ல கரண்டா பெட்ரோலானு பிரிங்க. இன்னொரு பிளக் பாக்கெட்ல போட்டுட்டுப் போங்க. வண்டி நின்ன ஒடனே பிளக் கேப்ப அதுல மாட்டி, ஹெட்ல ஒட்டி வெச்சு உதைங்க. பொறி நீலமா பளிச்சுனு வந்தா கரண்ட் நல்லாருக்கு. வரலைன்னா மேக்னெட் உள்ள இருக்கற காயில் சூட்டுல விட்டுப் போகுது. ஆறுனதும் சேர்ந்துக்கும், அதான் "கொஞ்ச நேரம் நிறுத்துனா ஸ்டார்ட்". எனக்கு இதுமேலதான் சந்தேகம்.

பொறி வந்துச்சுன்னா கார்பரேட்டர் கப்புக்கு அடியில வடிகட்டுற ஸ்குரூ இருக்கும், அதைத் தளர்த்திப் பாருங்க. பெட்ரோல் கொட்டுச்சுன்னா ஒரு கதை, கப் காலியா இருந்தா வேற கதை. காலின்னா டேங்க் மூடியத் திறந்து பாருங்க. புஸ்ஸுனு காத்து உள்ள போச்சுன்னா மூடியில இருக்கற காத்து ஓட்டை அடைச்சிருக்கு.

அஞ்சுரோடு
இதான் முறை. அப்படியே வண்டி போட்டோ ஒண்ணு போடுங்க. இடது பக்கம் முழுசா தெரியணும்.

மொட்டப்பாறை
பொறி வருதுங்ண்ணா, நல்லாவே வருது. கப் காலி. மூடியத் திறந்தேன், சத்தம் ஒண்ணும் வரல, மூடி திறந்தே வெச்சும் ஸ்டார்ட் ஆகல. கொஞ்சம் தள்ளிட்டுப் போயி வளைவுல நிறுத்துனேன், அப்புறம் ஸ்டார்ட் ஆச்சு. போட்டோ போட்டிருக்கேன்.

ஒரிஜினல் பெயிண்ட்
அடப்பாவி! இது ஆர்எக்ஸா? சீட் எங்க? டேங்க் எங்க? பின் மட்கார்ட அறுத்துட்டியா? 95 மாடல் 100. 96ல உற்பத்தி நின்னுபோன வண்டி. ஒரிஜினலா ஒண்ணு கிடைக்காதானு சேலம் முழுக்க அலையறோம். நீ கட்டிங் மிஷின் வெச்சு அறுத்துட்டு "ஆஃப் ஆகுது"னு வந்து நிக்கற. ஆஃப் ஆகாம என்ன செய்யும், அதுக்கும் மானம் இருக்கில்ல.

மொட்டப்பாறை
நான் அறுக்கலைங்க. வாங்கும்போதே சீட், டேங்க், ஆர்சி புக் இல்லாம ஃபிரேமும் இன்ஜினுமா இரும்புக் கடையில கெடந்தது.

அடிவாரத்தான்
ஆர்சி இல்லாம ஏற்காடு ரோட்ல எப்படிப் போறே தம்பி? கோரிமேடு தாண்டுனா செக்கிங் இருக்குமே.

ஒரிஜினல் பெயிண்ட்
ஆர்சி இருந்தாலும் தப்புதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சியில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது.

பாறைப்பல்லி
அண்ணன்மாரே, இரும்புக் கடைக்குப் போன வண்டிய ஒருத்தன் உயிர் கொடுத்து ஓட்டறான், அதுக்கு இவ்வளவு ஒப்பாரியா? ரோட்டுல ஓட்டறது தப்பு, சரி. டெம்போல ஏத்திட்டுப் போகட்டும். பாறைமேல ஓட்டறதுக்கு சீட் எதுக்கு? ட்ரையல்ஸ்ல எவனும் உக்கார மாட்டான்.

ஒரிஜினல் பெயிண்ட்
சீட் இல்லாத ரேஸ் என்ன ரேஸ்.

பாறைப்பல்லி
ரேஸே கிடையாதுங்க. வேகத்துக்கு மார்க் இல்ல. பாறை, வேர், ஓடைனு ஒரு தடம் குறிச்சிருப்பாங்க, கால் ஊணாம தாண்டணும். ஒரு தடவ ஊணுனா 1, ரெண்டு தடவைக்கு 2, மூணோ அதுக்கு மேலயோ 3. விழுந்தாலோ, கோட்டுக்கு வெளிய போனாலோ 5. குறைஞ்ச மார்க் வாங்குனவன்தான் ஜெயிப்பான். இன்ஜின் நின்னு காலும் ஊணிட்டா அதுவும் 5 தான். தம்பிக்கு இப்போதைக்கு எல்லா தடத்துலயும் 5.

அதுக்குனே செய்யற வண்டி 70 கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். இங்க அது வாங்க லட்சக்கணக்குல வேணும். ஆர்எக்ஸ் ரெண்டு கையால தூக்கித் திருப்பற எடை, கீழேயே இழுவை கொடுக்கற இன்ஜின், பின்னாடி பெரிய செயின் வீல் போட்டா நடக்கற வேகத்துக்கு இறங்கும். கத்துக்க இதைவிட என்ன வேணும்?

ஒரிஜினல் பெயிண்ட்
கத்துக்க வேற வண்டியே கிடைக்கலையா? ஸ்பிளெண்டர அறு, யாரு கேக்கப் போறா.

காபிக்கொட்டை
பாறைனு சொல்றீங்களே, எந்தப் பாறை? காப்புக்காட்டுல நுழைஞ்சா வனத்துறை வண்டியப் புடிச்சு வெச்சுக்குவாங்க. எஸ்டேட்டுனா ஓனர்கிட்ட கேட்டுட்டுப் போங்க. போன சீசன்ல எவனோ வந்து எங்க மிளகுக்கொடி மேல டயர் ஏத்திட்டுப் போயிட்டான்.

மொட்டப்பாறை
ஃப்ரெண்டோட மாமா தோட்டம்ங்ண்ணா. கேட்டுட்டுத்தான் ஓட்டறோம்.

நாகலூர்க்காரி
போட்டோவ பெருசாக்கிப் பாத்தேன். எல்லாரும் சீட்டப் பத்தியே பேசறீங்க. தம்பி, அந்த டேங்க் எது? பட்டறையில தகரம் வளைச்சு செஞ்சதா? பெட்ரோல் குழாய் அதோட முன்பக்கத்துலேர்ந்துதானே கிளம்புது, ஹேண்டில்பார் பக்கம்?

மொட்டப்பாறை
ஆமாங்கக்கா. ரெண்டு லிட்டர் டேங்க், தெரிஞ்ச பட்டறையில செஞ்சது. காக் (பெட்ரோல் திறக்கற திருகு) முன்னாடி இருந்தா கால்ல இடிக்காதுனு அங்க வெச்சாங்க.

நாகலூர்க்காரி
அப்போ ஏத்தத்துல பெட்ரோல் எங்க இருக்கும்? பின்னாடி போயிடும். ஓட்டை முன்னாடி, பெட்ரோல் பின்னாடி. டேங்க் நீளம் 30 செ.மீ.னு வெச்சுக்க. 20 டிகிரி ஏத்தத்துல பின்முனை முன்முனைய விட 10 செ.மீ. கீழ போயிடுது. உன் டேங்கோட உயரமே அவ்வளவு இருக்குமானு சந்தேகம். மலை ரோட்டுல ஏத்தம் கம்மி, அதனால டேங்க் ரொம்பி இருக்கற வரைக்கும் போகும், கொறஞ்சதும் நிக்கும். "சில நாள் மேல வரைக்கும் போகுது"ன்னியே, அன்னைக்கு ஃபுல் டேங்கா?

நீ ஓரமா நிறுத்தறது வளைவுல, அங்க சமமா இருக்கும். பெட்ரோல் முன்னாடி வந்து கப் ரொம்பும், வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆறுனதால ஸ்டார்ட் ஆகுதுனு நெனச்சுக்கறோம்.

எங்க தோட்டத்துல புல்லு வெட்டற மிஷின் டேங்க்குள்ள பாரு, குழாய் நுனியில ஒரு குண்டு மாட்டியிருக்கும். எந்தப் பக்கம் சாய்ச்சாலும் குண்டு பெட்ரோல் இருக்கற பக்கம் போய் விழும். சரிவுல வேலை செய்யற எதுக்கும் இந்தப் பிரச்சனை உண்டு.

சோதனை சுலபம். அடுத்த தடவ நின்னதும் ஆற விடாதே. அப்பவே வண்டி மூஞ்சிய எறக்கத்துப் பக்கம் திருப்பி, கொஞ்சம் பொறுத்து உதை. சூட்டுப் பிரச்சனைன்னா ஸ்டார்ட் ஆகாது.

காயில் கருப்பூர்
அக்கா சொல்றது சரிதான். என் காயில் கணக்கு பொறி வந்தப்பவே போச்சு.

ரீட் வால்வு
இருந்தாலும் 95 மாடல் சீல் ஒரு தடவ பாத்துக்கறது நல்லது.

மொட்டப்பாறை
திருப்புனதும் ரெண்டாவது உதைக்கு ஸ்டார்ட். டேங்க் பட்டறைக்குப் போகுது, ஓட்டைய பின்னாடி மாத்தச் சொல்லியிருக்கேன். நன்றிங்கக்கா, எல்லாருக்கும் நன்றி.

பாறைப்பல்லி
பின்னாடி மட்டும் வெச்சா எறக்கத்துல இதே கூத்து நடக்கும். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டையும் டேங்குக்குக் கீழ டி குழாய்ல சேர்த்து கார்பரேட்டருக்குக் கொண்டு வா. காக் டி-க்கு அப்புறம் ஒண்ணு போதும்.

அஞ்சுரோடு
தம்பி, வெல்டிங் வெக்கறதுக்கு முன்னாடி டேங்க கழுவுனீங்களா? பெட்ரோல வடிச்சுட்டா காலின்னு நெனைக்காதீங்க, உள்ள நிக்கற ஆவிதான் வெடிக்கும். சோப்புத் தண்ணி ஊத்தி நல்லா அலசி, வெல்டிங் வெக்கற எடம் வரைக்கும் தண்ணிய ரொப்பிட்டு, மூடியத் திறந்து வெச்சு அப்புறம் வெக்கச் சொல்லுங்க. பட்டறைக்கு இப்பவே போன் பண்ணுங்க. பாத்துட்டு பதில் போடுங்க.

அஞ்சுரோடு
தம்பி?

ஸ்பேனர் சித்தப்பா
நான் ஆரம்பத்துலயே எரிபொருள் பக்கம்தான் பிரச்சனைனு சொன்னேன். யாரும் கவனிக்கல.

அடிவாரத்தான்
நீங்க ஜெட்டுனு சொன்னீங்க.

ஸ்பேனர் சித்தப்பா
ஜெட்டுல போறது என்ன, பாயசமா?

மொட்டப்பாறை
தண்ணி ரொப்பித்தாங்ண்ணா வெச்சாங்க. டி குழாய் போட்டாச்சு.

ஒரிஜினல் பெயிண்ட்
அந்த இரும்புக் கடை எங்க இருக்குனு மட்டும் சொல்லிட்டுப் போ தம்பி.

புதுசு07
அண்ணா என் ஸ்பிளெண்டரும் குப்பனூர் ரோட்டுல ஏறும்போது திணறுது. டேங்க் ஒரிஜினல்தான். என்ன பண்ணலாம்?

அஞ்சுரோடு
என்ன மாடல்? கார்பரேட்டரா, எஃப்ஐயா (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்)? எத்தனை பேர் ஏறுறீங்க?