புதுப்பிப்பு: பாலிசிக்ஸ் பட்டன் கோளாறு, காரணம் பேட்டரி கசிவுதான்

முந்தைய இழையின் கேள்வி: 1981-இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் சிந்தசைசரில் ஒரு புரோகிராம் (சேமித்த ஒலி) பட்டனை அழுத்தினால் வேறொன்று வருகிறது, ஆறு குரல்களும் சேர்ந்தே சுருதி விலகுகின்றன. பலர் ஊகித்தபடி, புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கேஎல்எம்-367 சர்க்யூட் போர்டுதான் காரணம். அதிலுள்ள 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து செப்புத் தடங்களை அரித்திருக்கிறது.

பேட்டரியை வெட்டி எடுத்ததும் கறை பட்ட இடத்தில் வெள்ளை வினிகர் தடவுங்கள். கசிவது காரம், அமிலம்தான் அதை முறிக்கும். பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். வினிகர் மிச்சமிருந்தால் அதுவே அடுத்த அரிப்பு. இத்தோடு நிறுத்துபவர்கள்தான் மறுபடி மூடியைத் திறக்கிறார்கள்: பாதுகாப்புப் பூச்சுக்கு அடியிலும் அரிப்பு ஊர்ந்திருக்கும். கருத்த தடங்களைச் சுரண்டி, ஒவ்வொன்றையும் முனைக்கு முனை மல்டிமீட்டரில் சோதித்து, அறுந்த இடத்தில் மெல்லிய கம்பி வைத்துப் பற்றவையுங்கள். ஐசி (சிப்) கால்களையும் சோதிக்காமல் விடாதீர்கள்.

பேட்டரிக்கு மாற்று, சிஆர்2032 என்ற நாணய வடிவ லித்தியம் செல். பழைய சுற்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும். லித்தியம் செல்லுக்கு அது ஆபத்து. அதனால் பிளஸ் முனையில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு ஷாட்கி டயோடு, கோடு போட்ட முனை போர்டு பக்கம். சாதாரண சிலிக்கன் டயோடு வோல்டேஜைக் கூடுதலாக விழுங்கும்.

பேட்டரியை எடுத்தால் 32 புரோகிராம்களும் அழிந்துவிடும். அதற்கு முன், கருவி ஓரளவு இயங்கும்போதே டேப் அவுட் (கேசட்டில் சேமிப்பதற்கான வெளியீடு) வழியாகக் கணினியில் பதிந்து வையுங்கள். வேவ் கோப்பாக, எம்பி3 வேண்டவே வேண்டாம்.