ப்ளூரே வாங்கியும் பழைய டிவிடிதான் நன்றாகக் கேட்கிறது, எங்கே கோளாறு?

மழைமுற்றம்:

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமாக மண்டையைக் குடையும் விஷயம் இது. பத்து வருடத்துக்கும் மேலாக என்னிடம் ஒரு படத்தின் டிவிடி இருக்கிறது. அதில் ஒரு மழைக் காட்சி. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பேர் நின்று தாழ்ந்த குரலில் பேசுவார்கள். மழை என் தலைக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்து அறை முழுக்கப் பரவும்; குரல் மட்டும் நடுவில் தெளிவாக நிற்கும். யாராவது புதிதாக வந்தால் நான் போட்டுக் காட்டுவது அந்த மூன்று நிமிடத்தைத்தான்.

போன வாரம் ப்ளூரே பிளேயர் வாங்கி அதே படத்தின் ப்ளூரேயைப் போட்டேன். படம் பளிச்சென்று இருக்கிறது. ஒலிதான் ஏமாற்றிவிட்டது. மழை டிவியோடு ஒட்டிக்கொண்டு முன்னாலேயே நிற்கிறது. இடி விழும்போது தரை அதிரும், அது இல்லை. பேச்சு மழைக்குள் அமுங்கிப்போகிறது. பழைய டிவிடியை மாற்றிப் போட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடுகிறது.

டிவிடி அட்டையில் டிடிஎஸ் 5.1, ப்ளூரே அட்டையில் டால்பி ட்ரூஎச்டி 5.1 (இரண்டும் ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் முறைகள்). டிவிடி பிளேயர் கோஆக்சியல் வயரில் நேராக ரிசீவருக்கு, அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டிக்குப் போகிறது. ப்ளூரே பிளேயர் எச்டிஎம்ஐயில் டிவிக்கு, டிவியிலிருந்து ஆப்டிகல் வயரில் ரிசீவருக்கு. டிஸ்க் மோசமா, பிளேயர் மோசமா? இல்லை, டிடிஎஸ் டால்பியைவிட மேலா?

நள்ளிரவுக்காட்சி:

டிடிஎஸ் எப்போதுமே கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், என் அனுபவம் அதுதான். எதற்கும் எச்டிஎம்ஐ கேபிளை உயர்ந்த ரகமாக மாற்றிப் பாருங்கள். இடி காணாமல் போவதற்குக் கேபிள்கூட காரணமாக இருக்கலாம்.

செவிவழி:

தம்பி, கேபிள் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். எச்டிஎம்ஐயில் போவது எண்கள். கேபிள் கெட்டால் படத்தில் புள்ளி தெறிக்கும், ஒலி விட்டுவிட்டு வரும், இல்லையென்றால் எதுவுமே வராது. இடியை மட்டும் எடுத்துவிட்டு மழையை அனுப்ப அதற்குத் தெரியாது.

உங்கள் கடைசிப் பத்தியிலேயே விடை இருக்கிறது: டிவியிலிருந்து ஆப்டிகல் வயரில். ப்ளூரே ஓடும்போது ரிசீவரின் முகப்பில் என்ன எழுத்து எரிகிறது என்று எழுந்துபோய்ப் பாருங்கள். பிசிஎம் (சுருக்கிக் கட்டாத டிஜிட்டல் ஒலி) என்று இருக்கும் என நினைக்கிறேன். டிவிடி போட்டால் அதே இடத்தில் டிடிஎஸ் என்று வரும்.

நடப்பது இதுதான். பிளேயர் தன்னோடு இணைந்திருக்கும் கருவியை 'உனக்கு என்னென்ன ஒலி புரியும்?' என்று கேட்கும். எதிரில் இருப்பது டிவி. டிவிக்கு இரண்டே ஸ்பீக்கர். 'எனக்கு ஸ்டீரியோ போதும்' என்று பல டிவிகள் சொல்லிவிடும். உடனே பிளேயர் 5.1ஐ இரண்டு சேனலாகக் கலந்து அனுப்புகிறது. நடுச் சேனலில் இருந்த பேச்சும், பின்னால் இருந்த மழையும் முன் இரண்டு ஸ்பீக்கருக்குள் ஒன்றாக இறங்குகின்றன. பேச்சு மழைக்குள் அமுங்குகிறது என்றீர்களே, அது இதனால்தான். அப்புறம் இடி: அப்படிக் கலக்கும்போது .1 சேனலை, அதாவது சப்வூஃபருக்கென்று தனியாகப் பதிவான எல்எஃப்இ-யை, விட்டுவிடுவது வழக்கம். உங்கள் இடி டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது, வழியில்தான் இறக்கிவிட்டுவிட்டார்கள்.

டிவி தடுக்காமல் இருந்தாலும் ஆப்டிகல் வயருக்கு ட்ரூஎச்டியைச் சுமக்கும் தெம்பு கிடையாது. அந்த இணைப்பு இரண்டு சேனல் டிஜிட்டல் ஒலிக்காக வந்தது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரண்டு சேனல் என்று பெருக்கினால் நொடிக்கு 1536 கிலோபிட். டிவிடியில் வரும் முழு வேக டிடிஎஸ் 1509 கிலோபிட். அந்தப் பாதைக்குள் சரியாக நுழைகிற மாதிரி வெட்டித் தைத்த சட்டை அது. டிவிடியின் டால்பி டிஜிட்டல் அதிகபட்சம் 448 கிலோபிட்தான். ட்ரூஎச்டியோ உச்சத்தில் 18 மெகாபிட் வரை போகக்கூடியது.

ரிசீவரின் பின்பக்கம் எச்டிஎம்ஐ உள்வாங்கும் துளைகள் இருக்கின்றனவா? இருந்தால் பிளேயரை நேராக ரிசீவருக்குக் கொடுங்கள், ரிசீவரிலிருந்து டிவிக்கு இன்னொரு எச்டிஎம்ஐ. செய்துவிட்டு முகப்பில் வரும் எழுத்தை அப்படியே இங்கே எழுதுங்கள்.

மழைமுற்றம்:

அண்ணா, நீங்கள் சொன்னது அட்சர சுத்தம். பிசிஎம் என்றுதான் இருந்தது. இத்தனை நாள் அந்த எழுத்தை நான் கவனித்ததே இல்லை. ரிசீவரில் நாலு எச்டிஎம்ஐ துளை சும்மா கிடந்தது, மாற்றிவிட்டேன். பின் ஸ்பீக்கர்களில் மழை வந்துவிட்டது, இடியும் வந்துவிட்டது.

ஆனால் இப்போது முகப்பில் 'டால்பி டிஜிட்டல்' என்று மட்டும்தான் வருகிறது. ட்ரூஎச்டி என்று வரவில்லை. டிஸ்க் மெனுவில் ட்ரூஎச்டியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். டிவிடி இன்னமும் ஒரு படி மேலேதான் இருக்கிறது.

செவிவழி:

பாதி தூரம் வந்துவிட்டோம். பிளேயரின் ஒலி அமைப்புக்குள் போங்கள். 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்ற பெயரில் ஒன்று இருக்கும். அது 'ஆன்' நிலையில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அணைத்துவிடுங்கள். கூடவே டிஜிட்டல் அவுட்புட்டை 'பிட்ஸ்ட்ரீம்' என்று வையுங்கள், அப்போதுதான் பிளேயர் ஒலியை அவிழ்க்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும்.

அது எதற்கு இருக்கிறதென்றால், படம் ஓடும்போதே இயக்குநர் பேசும் விளக்கவுரையையும் மெனுவில் பொத்தான் அழுத்தும்போது வரும் 'டிக்' ஒலியையும் படத்தின் ஒலியோடு கலப்பதற்கு. கலக்க வேண்டுமென்றால் பிளேயர் ட்ரூஎச்டியை அவிழ்க்க வேண்டும், கலந்த பிறகு திரும்பக் கட்ட வேண்டும். கட்டும்போது சாதாரண டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கிக் கட்டிவிடும். ஒரு 'டிக்' ஒலிக்காக, ஒலிக்கூடத்தில் பதிவானதை ஒரு பிட்கூட விடாமல் வைத்திருக்கும் தடத்தையே இழக்கிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. என் நண்பர் ஒருவர் வீட்டில் ஆறு வருடம் இப்படித்தான் ஓடியது. அலமாரி நிறைய டிஸ்க், ஒன்றுகூட முழுசாகக் கேட்கப்படவில்லை. அவர் வாங்கிய பிளேயரில் அது தொழிற்சாலையிலிருந்தே 'ஆன்' நிலையில் வந்திருந்தது, கையேட்டில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி.

ரிசீவரிலும் ஒரு வேலை இருக்கிறது. 'டைனமிக் ரேஞ்ச்' அல்லது 'டிஆர்சி' என்ற இடத்தில் 'ஆட்டோ' என்றிருந்தால் ட்ரூஎச்டி வரும்போது அது தானாக வேலை செய்து மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறுக்கிவிடக்கூடும். பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் பயன்படும், மழைக் காட்சிக்கு ஆகாது. 'ஆஃப்' செய்யுங்கள்.

தாளக்கட்டு:

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் போய்ப் பார்த்தேன், என் பிளேயரிலும் அது 'ஆன்' நிலையில்தான் இருந்தது. நன்றி.

நான் அதிகம் கேட்பது சிடி. எனக்கும் இதே குழப்பம் வேறு மாதிரி உண்டு. ஒரே இசைத்தொகுப்பின் பழைய பதிப்பு ஒன்றும் 'ரீமாஸ்டர்' செய்த, அதாவது அதே பதிவின் ஒலியை மறுபடி சீரமைத்த புதுப் பதிப்பு ஒன்றும் வைத்திருக்கிறேன். இரண்டும் அதே 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். போட்டவுடன் புதியது அள்ளிக்கொண்டு போகும். நாலாவது பாட்டுக்குள் காது களைத்துவிடும். பழையதில் ஒலியளவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் மிருதங்கத்தில் தோலில் விழும் விரலும் அதற்குப் பின் வரும் கார்வையும் தனித்தனியாகக் கேட்கின்றன. புதியதில் இரண்டும் ஒரே தட்டையான அடியாக ஒட்டிக்கொள்கின்றன. பிட் கணக்கு மாறாமலே இவ்வளவு வித்தியாசமா?

செவிவழி:

தாளக்கட்டு, நீங்கள் கேட்டது சரியாகக் கேட்டிருக்கிறது. 16 பிட் ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி தருகிறது, அது பெரிய மைதானம். புதுப் பதிப்பைச் செய்தவர்கள் அதில் மேல் மூலையில் மட்டும் நின்று ஆடுகிறார்கள். அடியின் உச்சியை அமுக்கி மற்ற எல்லாவற்றையும் தூக்கிவிட்டால் ஒலி கூடும், அடி மழுங்கும். ஒலியளவை ஏற்றி வைத்துத்தான் பழையதைக் கேட்டேன் என்றீர்களே, அந்த ஒரு வேலையைத்தான் மழைமுற்றம் தம்பியும் இப்போது செய்ய வேண்டும்.

தம்பி, ட்ரூஎச்டி என்று எழுத்து வந்த பிறகும் டிவிடி ஒரு படி மேலே இருப்பதாகவே தோன்றும். நம்பிவிடாதீர்கள். டால்பி தடங்களில் 'டயலாக் நார்மலைசேஷன்' என்று ஒரு குறிப்பு உள்ளே எழுதியிருக்கும். எல்லாப் படத்திலும் பேச்சு ஒரே அளவில் வரவேண்டும் என்பதற்காக, அந்த எண்ணைப் பார்த்து ரிசீவர் மொத்த ஒலியையும் இறக்கும். அந்த எண் மைனஸ் 31 என்றால் இறக்கம் இல்லை. மைனஸ் 27 என்பது மிகவும் சாதாரணமாக வரும் எண், அப்போது 4 டெசிபல் இறங்கும். டிடிஎஸ் தடங்களில் பெரும்பாலும் இந்த இறக்கம் இருக்காது. ஆக, ஒலியளவுக் குமிழைத் தொடாமல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் டிடிஎஸ் 4 டெசிபல் சத்தமாக இருக்கும். ஒரு டெசிபல் கூடினாலே நம் காது அதைச் 'சத்தம்' என்று சொல்லாது. 'தெளிவு', 'கனம்' என்று சொல்லும். நள்ளிரவுக்காட்சி சொன்ன கனம் பெரும்பாலும் இந்த 4 டெசிபல்தான். அவர் காதில் குறையில்லை, கேட்டதை உண்மையாகத்தான் சொன்னார்.

செல்பேசியில் ஒலியளவு மானி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில், தலை இருக்கும் உயரத்தில் அதை நிறுத்தி வையுங்கள். மழை தொடங்குவதற்கு முன் வெறும் பேச்சு வருகிற அரை நிமிடத்தை டிவிடியில் ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ப்ளூரேயிலும் அதே அரை நிமிடம், அதே எண் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். செல்பேசியின் எண் துல்லியமாக இருக்காது, ஒப்பிடுவதற்குப் போதும். அப்புறம் மழையைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் நானே இரண்டு வருடம் இழந்திருக்கிறேன். வீடு மாறியபோது பின் இடது ஸ்பீக்கரின் வயரைக் கூட்டலும் கழித்தலும் மாற்றிச் சொருகிவிட்டேன். நிறக்கோடு இல்லாத வயர். மழைக் காட்சிகள் எல்லாம் அறைக்குள் பரவாமல் என் மண்டைக்குள்ளேயே பெய்வது போல் இருந்தன, ஒரு காதை யாரோ உறிஞ்சுவது போல ஒரு அசௌகரியம். டிஸ்க்கைக் குறை சொன்னேன், ரிசீவரைக்கூட மாற்றினேன். கடைசியில் கண்டுபிடித்துத் தந்தது 1.5 வோல்ட் பேட்டரி. ரிசீவரை அணைத்து, வயரின் இரண்டு முனைகளையும் ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு, கூட்டல் துளையிலிருந்து வந்த முனையைப் பேட்டரியின் கூட்டலிலும் மற்றதைக் கழித்தலிலும் ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும். 'டப்' என்று ஒரு சின்ன ஒலி வரும், வூஃபரின் கூம்பு வெளியே வர வேண்டும். என்னுடைய பின் இடது உள்ளே போனது. வலையைக் கழற்றி வைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள், அசைவு மிகச் சின்னதாக இருக்கும்.

நள்ளிரவுக்காட்சி:

இந்த 4 டெசிபல் கணக்கு எனக்குப் புதுசு. இன்றிரவே என்னிடம் இரண்டு தடமும் உள்ள ஒரு டிவிடியில் அளந்து பார்க்கிறேன்.

மழைமுற்றம்:

மன்னிக்கவும், நாலு நாள் ஆகிவிட்டது. எல்லாம் செய்து முடித்துத்தான் எழுதுகிறேன்.

செகண்டரி ஆடியோவை அணைத்ததும் முகப்பில் ட்ரூஎச்டி என்று வந்துவிட்டது. பேச்சை அளந்தேன்: ஒரே குமிழ் நிலையில் டிவிடி 67, ப்ளூரே 63. நீங்கள் எழுதிய அதே நாலு! குமிழை ஏற்றிச் சமப்படுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தம்பியை டிஸ்க்குகளை மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டேன். ஆறு முறையில் ஆறு முறையும் ப்ளூரேயைத்தான் தேர்ந்தெடுத்தேன். டிவிடியில் தகரத்தின் மேல் விழும் மழை ஒரே இரைச்சலாக இருக்கிறது. ப்ளூரேயில் அதற்குள்ளே துளிகள் இருக்கின்றன. பின் இடது பக்கம் கூரை விளிம்பிலிருந்து ஏதோ வாளியில் சொட்டுகிறது, ஒரு சொட்டு, இடைவெளி, இரண்டு சொட்டு. பத்து வருடமாகப் பார்க்கும் காட்சியில் ஒரு வாளி இருப்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

பேட்டரி சோதனையில் ஐந்து ஸ்பீக்கரும் வெளியேதான் வந்தன. ஒரு குறை மட்டும் மிச்சம்: இடி இப்போது கொஞ்சம் அதிகமாகவே உருள்கிறது, விழுந்த பிறகும் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டு நிற்கிறது. சோஃபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது. அறை நீளம் 4 மீட்டர்.

செவிவழி:

வாளியைக் கேட்டுவிட்டீர்கள், ரொம்ப சந்தோஷம் தம்பி.

இடி விஷயம் அறையுடையது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. அதை அறை நீளத்தின் இரட்டிப்பால், அதாவது 8 மீட்டரால் வகுத்தால் சுமார் 43 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதி உங்கள் அறையில் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே தங்கி ஆடும். சுவரோரம் மிகப் பலமாக, அறையின் நட்ட நடுவில் ஏறக்குறைய இல்லாமலே போகும். நீங்கள் பலமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சோஃபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை முன்னே நகர்த்திப் பாருங்கள், நடுவுக்கு மட்டும் போக வேண்டாம். அவ்வளவு இடம் இல்லையென்றால் அரை மீட்டர்கூட உதவும். நகர்த்திய பிறகு ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து அளவெடுப்பை மறுபடி ஓட்டுங்கள். பழைய இடத்துக்கு எடுத்த தூரமும் அளவும் புது இடத்துக்குப் பொருந்தாது.

மழைமுற்றம்:

ஒரு மீட்டர் நகர்த்த இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நகர்த்தி, மைக்கை ஓட்டிவிட்டு, இடியை மட்டும் தனியாகக் கேட்டு எழுதுகிறேன் அண்ணா.